ஆற்றுக்கு வாக்கப்பட்டவளுக்குக் கரிசலுக்கு வாக்கப்பட்டவள் எழுதுவது

மதினி,

இன்று காலை தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. நாலைந்து நாளாகக் காணோமே என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தவள், சத்தம் கேட்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முதல் குடம் நிரம்பி வழிகிறபோது அந்த வாசம் அடித்தது. மருந்து வாடையையும் மீறிக்கொண்டு, பாசியும் ஈரமணலும் கலந்த வாசம். எங்கள் ஊர் ஆற்று வாசம். அங்கே ஆற்றுக்குள் கிணறு இறக்கி, குழாயில் ஏற்றி, இத்தனை கரிசல்காட்டையும் தாண்டி இங்கே பசுவந்தனைப் பக்கம் வரைக்கும் கொண்டுவந்து விடுகிறார்கள். நீ இருந்தால் இந்நேரம் போனில் கூப்பிட்டு, "ஒங்க ஊர்க்காரி வந்துருக்காளாம்லா மதினி, ஆரத்தி எடுத்து உள்ள கூட்டிட்டுப் போ" என்று கேலி பண்ணியிருப்பாய். நான் குடத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வரிசையில் பின்னால் நின்றவள், "என்ன செய்யுது, தலை சுத்துதா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

நேற்று என் அண்ணன் போன் பண்ணினார். உன் வீட்டுக்காரர்தான். தை மாதம் நீ போய்ச் சேர்ந்ததிலிருந்து அவர் குரல் பாதியாகிவிட்டது. "நீ அங்கன ஒத்தையில கெடந்து என்ன செய்யுத? நானும் இங்கன ஒத்தையில கெடக்கேன். வீட்டப் பூட்டிட்டுப் பொறந்த வீட்டுக்கே வந்துரு. ஆறு ஓடுது, நெனச்ச நேரம் குளிக்கலாம், நிம்மதியா இருக்கலாம்" என்றார். திருப்பூரில் இருக்கிற என் மகனுக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. நிலத்தைச் சூரியத்தகடு பதிக்கிறவர்கள் குத்தகைக்குக் கேட்கிறார்கள். நாளைக்கு வருகிறார்கள். அண்ணன் இன்றைக்குச் சாயங்காலமே மறுபடி கூப்பிடுவார். போகிறேனா, இருக்கிறேனா என்று அதற்குள் நான் சொல்லியாக வேண்டும். உன் அண்ணன், அதுதான் என் வீட்டுக்காரர், காலமான பிறகு உன்னைக் கேட்காமல் நான் எதையும் முடிவு பண்ணியதில்லை. நீ சொன்னதற்கு நேர்மாறாகச் செய்தாலும் கேட்டுவிட்டுத்தான் செய்வேன். பழக்கத்தை இன்றைக்கு எப்படி விடுவது? அதனால் கேட்கிறேன்.

நம் கல்யாணத்தை நினைத்துப் பார்க்கிறேன். பெண் கொடுத்துப் பெண் எடுத்த கல்யாணம். ஆற்றுப்பாசன ஊரிலிருந்து நான் உன் அண்ணனுக்கு, கரிசலிலிருந்து நீ என் அண்ணனுக்கு. இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கட்டும் என்று பாதி வழியில் ஒரு சத்திரம் பிடித்து, ஒரே பந்தலில் இரண்டு தாலி. எனக்கு நீ மதினி, உனக்கு நான் மதினி. யார் யாருக்கு மரியாதை கொடுப்பது என்று பெரியவர்களுக்கே குழப்பம். சாப்பிட்டு முடித்ததும் ஒரு வேன் தெற்கே புறப்பட்டது, ஒரு வேன் வடக்கே. ஜன்னல் வழியாக நீ என்னைப் பார்த்து முறைத்தாய். நானும் விடவில்லை. என் கட்டிலில் நீ படுக்கப் போகிறாய், உன் அம்மா கையால் நான் சாப்பிடப் போகிறேன் என்றால் முறைக்காமல் என்ன செய்வது?

எங்கப்பாவிடம் அம்மா கேட்டாள், மழையை நம்பிப் பிழைக்கிற ஊருக்கு ஏன் பெண்ணைக் கொடுக்கிறீர்கள் என்று. "அவிய பொண்ணு நம்ம வீட்டுல இருக்கும்லா? நம்ம பிள்ளைய அவிய கண்கலங்க விட மாட்டாவ" என்றார் அவர். அவருக்கு அது நல்ல ஏற்பாடாகத் தெரிந்தது. அதன் மறுபக்கத்தை யாரும் சொல்லவில்லை. ஒரு வீட்டிலிருந்து ஒருத்தி திருப்பி அனுப்பப்பட்டால், அடுத்த வீட்டிலிருந்தும் ஒருத்தி பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். என் வாழ்க்கை உன் கையில், உன் வாழ்க்கை என் கையில். நாமோ ஒருவர் முகத்தை ஒருவர் பந்தலில்தான் முதன்முதலாகப் பார்த்திருந்தோம்.

ஆவணி மாதம் அது. வேனில் வரும்போது வாழைத்தோட்டங்கள் முடிந்தன, பனைகள் முடிந்தன, அப்புறம் ஒன்றுமே இல்லை. உழுது போட்ட கறுப்பு மண், அடிவானம் வரைக்கும். தீப்பிடித்து எரிந்த காடு என்று நினைத்துக்கொண்டு, "எப்பத் தீப்பிடிச்சுது?" என்று உன் அண்ணனிடம் கேட்டேன். தாலி கட்டிய பிறகு நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. அவர் சிரித்த சிரிப்பில் வேன் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

அதற்கடுத்த வாரம் நடந்ததுதான் ஊருக்கே தெரியுமே. விடியும் முன்னே உன் அம்மா ஊருணிக்குப் போய்க் குடம் குடமாகச் சுமந்து வந்து பானைகளை நிரப்பியிருந்தாள். நான் எழுந்து பார்க்கிறேன், எல்லாப் பானையிலும் பழுப்பாகக் கலங்கல் தண்ணீர். சீ, இதையா குடிப்பார்கள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் நேற்றுத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீர் பிடிப்பதுதான் காலையில் முதல் வேலை. அதே பொறுப்போடு அத்தனை பானையையும் வேப்பமரத்தடியில் கவிழ்த்து, கழுவி, வரிசையாக வைத்துவிட்டு, அத்தை மெச்சுவாள் என்று காத்திருந்தேன். பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசி வைத்தால் கலங்கல் அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளியும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? உன் அம்மா வந்து பார்த்தாள். சத்தம் போடவில்லை. மரத்தடி ஈரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தாயீ, நாளை வரைக்கும் நாம குடிக்கிற தண்ணில்லா அது" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் வெகுநாள் இந்தத் தெருவில் எனக்குப் பெயர் 'வேப்பமரத்துக்குத் தண்ணி ஊத்துனவ'.

அங்கே நீ பண்ணிய கூத்து மட்டும் குறைச்சலா? என் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். புழக்கடைக்குப் பின்னால் வாய்க்கால் ஓடுகிறது, நீ என்னவென்றால் கட்டிலுக்கடியில், பத்தாயத்துக்குப் பின்னால், அரங்கு வீட்டு மூலையில் எல்லாம் செம்பிலும் குடத்திலும் தண்ணீரைப் பிடித்து ஒளித்து வைத்திருக்கிறாய். "ஆறு எங்கயும் ஓடிப்போயிராதும்மா" என்று அம்மா சொன்னதற்கு, "ஓடிக்கிட்டுத்தான அத்த இருக்கு" என்றாயாம். வாய் உனக்கு அப்போதே இருந்திருக்கிறது.

சிரிப்போடு முடிந்திருந்தால் தேவலை. மாசியில் நடந்தது சிரிக்கிற விஷயம் இல்லை. பிசான நெல் முற்றித் தலை சாய்ந்து நிற்கிற சமயம். அறுப்புக்கு முன்னால் வயலைக் காயவிட வேண்டும் என்று என் அண்ணன் வரப்பை வெட்டித் தண்ணீரை வடியவிட்டுவிட்டுத் தூத்துக்குடிக்கு ஒரு வார வேலையாகப் போயிருந்தார். சாப்பாட்டு வாளியோடு வயலைப் பார்க்கப் போன நீ, வரப்பு உடைந்து தண்ணீர் வீணாகப் போகிறது என்று பதறிப்போய், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மண்ணை அள்ளி அடைத்திருக்கிறாய். அது போதாது என்று மேல் வாய்க்காலிலிருந்தும் ஒரு மடையைத் திறந்து வயலை நிரப்பிவிட்டு வந்திருக்கிறாய். முற்றிய நெல் அந்தத் தண்ணீரில் நின்றது. அப்புறம் காற்றோடு ஒரு மழை பெய்தது. அண்ணன் திரும்பி வந்தபோது பயிர் மொத்தமும் படுத்து, கதிரிலேயே முளை விட்டிருந்தது.

பங்குனி பிறந்ததும் எங்கப்பா உன்னைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து இறங்கினார். உன் டிரங்குப் பெட்டி, ஒரு வாழைத்தார். சாப்பிட்டார். "பிள்ளைக்கு நெல்லுப் பழக்கம் இல்ல. கொஞ்ச நாள் இங்கன இருக்கட்டும்" என்று உன் அப்பாவிடம் சொன்னார். எப்போது வந்து அழைத்துப்போவார்கள் என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. புறப்படும்போது எங்கப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லை மதினி. பெற்ற மகள் வாசல்படியில் நிற்கிறேன், குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் உன் அம்மா, "பூச்சி அரிச்சிருக்கான்னு பாக்கணும்" என்று சொல்லி என் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னாள். அந்தப் பெட்டியில் பூச்சி அரிக்க என்ன இருந்தது, காலிப்பெட்டி. நடுவீட்டில் கிடந்தது. உன் அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றிப் போனார். அவரைத் தப்புச் சொல்ல மாட்டேன், அவருக்குத் தங்கச்சியா பெண்டாட்டியா என்கிற நிலை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. எட்டு மாசத்தில் அந்த மனுஷன் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்திருந்தது. அதை அவரிடம் சொல்லக்கூட இல்லை.

உன்மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! நெல்லை அழித்தவள் நீ, வாழாவெட்டியாகப் போகிறவள் நானா? நீயும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உன் வீட்டு அடுப்பில் நான் உட்கார்ந்திருப்பது உனக்குக் கண்ணில் குத்தியிருக்கும். நம்மைப் பேச வைத்தது தீப்பெட்டிதான். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வீட்டுக்கு வீடு கொண்டுவந்து போடுவார்களே, தீப்பெட்டிக் கூடு ஒட்டுகிற வேலை. நான் ஒட்டினால் கூடு கோணிக்கொண்டு நிற்கும். நீ பார்த்துப் பார்த்துப் பொறுக்க மாட்டாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். ஒட்டிப் போட்டதெல்லாம் வெயிலில் உடனே காய்ந்து மொடமொடவென்று கிடந்தது. "இத ஒங்க ஊர்ல செய்ய முடியாது தெரியுமா? பச வச்சா மூணு நாள் ஆனாலும் காயாது, பூசணம் பிடிச்சிரும். எனக்கு வெயில் இருக்கு. ஒங்களுக்கு என்ன இருக்கு?" என்றாய். வறட்சியைப் பெருமை பேசுகிற ஒருத்தியை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "எங்களுக்குச் சோறு இருக்கு" என்றேன். நீ சிரித்துவிட்டாய்.

அதிலிருந்து வாய்ச்சண்டைதான். பருத்தி எடுக்கப் போனால் இந்த வரிசையில் நீ, அடுத்த வரிசையில் நான், மடியில் பஞ்சு நிறைய நிறைய எந்த மண் உசத்தி என்று பேச்சு வளரும். எங்கள் பக்கம் மலையில் இரண்டு மழைக்காலமும் பெய்கிறது, கார் ஒரு போகம், பிசானம் ஒரு போகம், நடுவில் வாழை, வெற்றிலை என்று நான் அடுக்குவேன். "ஆனா மேமடைக்காரன் அடச்சிட்டான்னா கீமடைக்காரன் அருவாளத் தூக்கிட்டுப் போவான். ஏழு மாசத்துல நாலு வெட்டுக்குத்து பாத்துட்டேன். இங்கன யாரோட சண்ட போட? மேகத்தோடயா?" என்பாய் நீ. ஒருநாள் கீழே உட்கார்ந்து குச்சியால் வெடிப்பைத் தோண்டிக் காட்டினாய். மேலே பாளம் பாளமாகப் பிளந்து கிடந்த மண், ஒரு முழம் உள்ளே போனதும் கையில் குளிர்ச்சியாக ஒட்டியது. "ஐப்பசியில குடிச்ச தண்ணி மதினி. பங்குனி வரைக்கும் வச்சிருக்கு. நடுவுல மார்கழிப் பனியில வெளையுது. ஒங்க மண்ணு ஒரு வாரம் தண்ணி காட்டலேன்னா மூஞ்சியத் தூக்கிக்கிடும்லா?" என்றாய். அந்த மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

அன்றைக்குத்தான் நான் உனக்கு நெல்லைச் சொன்னேன். பால் பிடிக்கிற வரைக்கும்தான் அதற்குத் தண்ணீர் வேண்டும், முற்றிவிட்டால் காலடியில் ஈரம் ஆகாது, அதனால்தான் வடியவிடுகிறது என்று. நீ பஞ்சை அப்படியே கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றாய். "இத அன்னிக்கு ஒரு ஆளு எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா? ஒரே ஒரு ஆளு!" உன் கண் நிறைந்துவிட்டது. "எனக்கு மட்டும் யாரு சொன்னா, பானைத் தண்ணியக் கொட்டாதன்னு?" என்று நானும் கத்தினேன். கத்திவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். அங்கே உள்ளவர்களுக்குத் தண்ணீரை வடிக்கத் தெரியாத ஒரு பெண் உலகத்தில் இருப்பாள் என்றே தோன்றவில்லை. இங்கே உள்ளவர்களுக்குத் தண்ணீரைத் தெளிய வைக்கத் தெரியாத ஒரு பெண் இருப்பாள் என்று தோன்றவில்லை. அவரவர் மண் அவரவர்க்கு உலகம். நடுவில் மாட்டிக்கொண்டது நாம் இரண்டு பேர்.

ஆனி மாதம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். காருக்கு நாற்றுப் பாவுகிற நேரம். உன்னை அழைக்க யாரும் வரவில்லை. ஒருநாள் காலையில் நீயே குளித்து, தலைவாரி, பெட்டியோடு வாசலில் வந்து நின்றாய். உன் அம்மா பதறினாள். "கூப்புட ஆள் வராம நீயாப் போய் நின்னா மரியாதையாட்டி?" நீ அசையவில்லை. "நாத்துப் பாவுத நேரம்மா. மரியாதையப் பாத்துக்கிட்டு இருந்தா பருவம் நிக்குமா? நெல்ல அழிச்சது நான். நானே போய் வெளைய வச்சுக் காட்டுதேன்." அப்புறம் நடுவீட்டைத் திரும்பிப் பார்த்து, "அண்ணே, மதினி பெட்டிய மேல ஏத்து. வாரவ போறவ காலயெல்லாம் இடிக்குது" என்றாய். உன் அண்ணன் இதற்காகவே காத்திருந்தவர்போல ஒரே தூக்காகத் தூக்கிப் பரணில் வைத்தார்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் நான் வந்தேன். எனக்கு அழுகை நிற்கவில்லை. திருப்பி அனுப்பிய வீட்டுக்கு ஒருத்தி தன்னந்தனியாகப் போய் இறங்குவது என்றால் சும்மாவா? அங்கே என்ன சொல்வார்களோ, கதவைத் திறப்பார்களோ? நீ படியில் ஏறி நின்றுகொண்டு, "ஏட்டி, அழாத. பானையப் பாத்துக்கிடு" என்றாய். அதுவரைக்கும் என்னை நீங்க, வாங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாய். அந்த ஏட்டியை நான் மறக்கவே மாட்டேன்.

கதவை என் அண்ணன்தான் திறந்தாராம். மண்வெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தாராம். அந்தக் கார்ப் போகத்தில் நீ போட்ட நாற்றும் நீ வடித்த தண்ணீரும் ஊரே பேசுகிற மாதிரி விளைந்தது என்று எங்கப்பா இங்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

அப்புறம் எத்தனை வருஷங்கள். நான் ஊருக்கு வரும்போது உளுந்தும் மிளகாய்வற்றலும் கடம்பூர்ப் போளியும் கொண்டுவருவேன். நீ வரும்போது அரிசியும் வாழைக்காயும் கொண்டுவருவாய். இங்கே மழை பொய்த்துக் கம்பு கருகிப்போன வருஷங்களில் பஸ்ஸில் ஏற்றிவிட்ட அரிசிமூட்டை நான் கேட்காமலே வந்து இறங்கும். எங்கள் பக்கம் அணை வற்றி நெல் இல்லாமல் போன ஒரு வருஷம், கொஞ்சம் கம்பும் சோளமும் அனுப்பு என்று நீ சொல்லியனுப்பினாய். அதில் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம் இருந்தது, இப்போது சொன்னால் என்ன? ஆற்றங்கரை வீட்டுக்குக் கரிசல்காட்டுத் தானியம் போகிறதே என்று கண்டக்டரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

காற்றாலைகள் வந்தன, அப்புறம் சூரியத்தகடுகள் வந்தன. ஒன்றுக்கும் ஆகாது என்று சொன்ன வெயிலும் காற்றும் கரண்டாகிக் கம்பிவழியே போகின்றன. உன்னைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "இங்கன உள்ள கரண்டு அங்கன வருது, அங்கன உள்ள தண்ணி இங்கன வருது. நம்ம கல்யாணம் மாதிரியே பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்காவ மதினி" என்று நீ சொன்னதை நான் இன்னும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டு ஊரையும் பற்றி அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

அந்த மார்கழி வெள்ளத்தை மட்டும் சொல்லத் தோன்றவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆறு ஊருக்குள் புகுந்து, நீயும் அண்ணனும் மாடியில் நின்று, யாரோ படகில் இறக்கி, ஒருவழியாக இங்கே வந்து சேர்ந்தீர்கள். நீ நடுங்கிக்கொண்டே இருந்தாய். குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் செம்பைப் பார்க்க மாட்டேன் என்கிறாய். கட்டிலுக்கடியில் தண்ணீரை ஒளித்து வைத்தவளா இவள்? இங்கே காயவைத்த சேலையை மடித்துக் கையில் கொடுத்தபோது அதை முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாய். ஈரமில்லாத துணி, அவ்வளவுதான். அதற்கு அப்படி ஒரு அழுகை.

அந்த நாட்களில்தான் கேட்டேன். இத்தனை வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்தது. "அன்னிக்கு நீ எனக்காகத்தான போன?" என்றேன். உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாய். "ஆமான்னு சொன்னா ஒனக்குக் கொழுப்பு ஏறிரும்" என்றாய். அப்புறம் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "போனது ஒனக்காகத்தான். எங்க அண்ணன் மொகத்தப் பாத்தேன், ஒன் மொகத்தப் பாத்தேன். அந்தப் பெட்டி என்னால வெளிய போகக்கூடாதுன்னு நெனச்சேன். ஆனா ஒரு அறுப்பு அறுத்தப்பறம் எனக்காகத்தான் இருந்தேன். என் வயலுல்லா அது" என்றாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். "சரி விடு, உளுந்து சிந்துது" என்று உதறிவிட்டாய்.

தை மாதம் செய்தி வந்தபோது நான் கடலைமிட்டாய் வாங்கக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். உனக்குத்தான், தைப்பூசத்துக்கு வரும்போது கொடுக்கலாம் என்று. கையிலிருந்ததைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டுக் கோடிச் சேலை எடுக்கப் போனேன். செத்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டுமே. உன் அம்மா இல்லை, அப்பா இல்லை, அண்ணன் இல்லை. உன் பிறந்த வீடு என்றால் நான்தான். நான் பிறந்த வீட்டுக்கு, நான் உன் பிறந்த வீடாக, கோடி கொண்டுவந்தேன். கரும்பச்சைச் சேலை, நீ எப்போதும் கேட்கிற நிறம். உன்மேல் போர்த்தும்போது, மதினி, உன் முகம் கோபமாக இல்லை, அதுமட்டும் எனக்கு ஆறுதல்.

பதினாறாம் நாள் முடிந்து எல்லாரும் போன பிறகு அண்ணனுக்கு ஒருவாய் ரசம் வைக்கலாம் என்று உன் அடுப்படிக்குள் போனேன். நான் பிறந்து வளர்ந்த வீடு. அந்த அடுப்படியில்தான் அம்மாவிடம் அடி வாங்கிச் சமையல் படித்தேன். உப்பு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. புளி எங்கே, கரண்டி எங்கே, ஒன்றும் தெரியவில்லை. இன்னும் மாமியார் வீட்டுக்குக் கிளம்பாமல் இருந்த உன் மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் மேல்தட்டில் கைவைத்து எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் நீ வைத்த இடத்தில், உன் ஒழுங்கில் இருந்தது. ஒவ்வொரு டப்பாவாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரசம் வைத்தேன், வாயில் வைக்க வழியில்லை. அண்ணன் மிச்சம் வைக்காமல் குடித்தார்.

இன்றைக்கு மத்தியானம் முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறந்த வீட்டுக்கு வா என்கிறார் அண்ணன். அது எங்கே இருக்கிறது? அங்கே இருப்பது உன் வீடு. நான் பூட்டிச் சாவியைக் கொடுக்கப் போகிற இந்த வீடுதான் நீ பிறந்த வீடு. நான் கிளம்பினால் உன் மகளுக்கு அம்மா பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள ஒரு வாசல் இருக்காது. உன்னை அனுப்பிவிட்டு இங்கே இருந்தவள் நான், இப்போது உன் வீட்டையும் பூட்டிவிட்டு எங்கே போவேன்? ஆறு வேண்டாமா என்று கேட்டால், வேண்டும்தான். கரிசலில் கால் வெடித்து, இந்த வயசிலும் வெயிலில் வெந்து, இரவில் பெருமூச்சு விடாமல் இருக்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஆற்றில் இறங்கிக் குளித்தால் கரையில் நின்று நக்கலடிக்க நீ வேண்டும் மதினி. நீ இல்லாத ஆற்றை நான் என்ன செய்ய?

மேற்குத் துண்டைத் தகடு பதிக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவு பண்ணியிருக்கிறேன். அது எப்போதும் விளைச்சலும் சீத்துவமும் இல்லாத துண்டு, நீயே திட்டுவாய். கிழக்குத் துண்டை விடமாட்டேன். ஆள் வைத்தாவது உளுந்து விதைப்பேன்.

அண்ணன் கூப்பிட்டார். பேசி முடித்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

"என்ன முடிவு பண்ணியிருக்க?" என்றார்.

"நான் வரல அண்ணே. இங்கனயே இருக்கேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அப்புறம், "சரி. அப்ப பொங்கலுக்காச்சும் பொறந்த வீட்டுக்கு வா" என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். "எப்பவும் அவதான ஒன்னக் கூப்புடுவா. எனக்குக் கூப்புடக்கூடத் தெரியல பாத்தியா" என்றார். குரல் உடைந்துவிட்டது. அவர் அழுது நான் கேட்டதில்லை. உனக்காகக்கூட எங்கள் முன்னால் அழாத மனுஷன்.

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, உன் அம்மா மருமகனை விருந்துக்குக் கூப்பிடுவாளே, அந்த மாதிரியே கூப்பிட்டேன்.

"மாப்பிள்ள, இது ஒங்க மாமியார் வீட்டுல இருந்து பேசுதோம். ஒங்கள இந்த வெள்ளிக்கிழம விருந்துக்கு அழைக்கோம். கண்டிப்பா வரணும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"வாரேன்" என்றார்.